ஃபுல் ஸ்கிரீன் போட்டதும் மெனு எங்கே போகுது?

ஆன்லைன் மீட்டிங் நடுவில் ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டிருக்கிறீர்கள். "இதை வேற பேர்ல சேவ் பண்ணிடுங்க" என்கிறார் மேனேஜர். விண்டோவோ ஃபுல் ஸ்கிரீனில் இருக்கிறது. 'ஃபைல்' மெனுவைக் காணோம். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, மவுஸை மூலைக்கு மூலை அலையவிடும் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே!

மெனு எங்கேயும் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. மேக்கில் 2011-ல் வந்த லயன் பதிப்பிலிருந்தே இப்படித்தான். பாயின்டரைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் இறங்கி வரும். தொல்லையும் அதில்தான். பிரவுசர் டேபை கிளிக் செய்யப் போகும்போது மெனு குறுக்கே வந்து விழும். 2021-ல் வந்த மான்டெரேயில் இதற்கு வழி கிடைத்தது: ஃபுல் ஸ்கிரீனிலும் மெனு பாரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஆப்ஷனின் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், செட்டிங்ஸ் தேடலில் 'மெனு பார்' என்று தட்டிவிடுவது உத்தமம்.

விண்டோஸில் ஒவ்வொரு ஆப்பும் ஒரு ரகம். முதலில் ஆல்ட், அடுத்து எஃப்10 அழுத்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிரவுசராக இருந்தால் எஃப்11 உள்ளேயும் கொண்டுபோகும், வெளியேயும் கொண்டுவரும். விஎஸ் கோடில் 'மெனு பார் விசிபிலிட்டி' செட்டிங்கை 'விசிபிள்' என்று மாற்றினால் ஃபுல் ஸ்கிரீனிலும் மெனு நிற்கும். 'டாகிள்' என்றால் ஆல்ட் தட்டும்போது மட்டும் வரும்.

ஏன் ஒளிக்கிறார்கள்? இடம்தான் காரணம். 768 பிக்சல் உயரமே உள்ள லேப்டாப்பில் ஒவ்வொரு வரியும் காசு. ஆனால் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சொன்ன கணக்கு ஒன்று உண்டு: இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை வேகமாகப் போய்ச் சேரும். திரை விளிம்பைத் தாண்டி பாயின்டர் போகாது என்பதால், அங்கே இருக்கும் மெனுவைக் குறிதவறாமல் பிடிக்கலாம். அதையே மறைத்துவிட்டால், வந்த பிறகுதானே குறிவைக்க முடியும்? வீடியோ பார்க்க மறைக்கட்டும், சரி. வேலைக்கு வேண்டாம் என்பேன்.

கொல்கத்தா கிடர்பூரில் உட்கார்ந்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் சென்னை ஆபிஸ் கம்ப்யூட்டரை இயக்குகிறீர்களா? அப்போது ஆல்ட் அழுத்தினால் அது அந்த ஊர் கம்ப்யூட்டருக்குப் போகும். உங்கள் ஊருக்குத் திரும்ப கன்ட்ரோல்+ஆல்ட்+பிரேக். நிறைய லேப்டாப்பில் பிரேக் கீயே கிடையாது. அதனால் மேலே நடுவில் இறங்கும் நீலப் பட்டையில் உள்ள பின்னை, மீட்டிங் தொடங்கும் முன்பே குத்தி வைத்துவிடுங்கள்.