சுருங்கும் தளம், சுருங்காத வெயில்

விமானத் தளம் ஒன்றின் ஓடுபாதை, புல்வெளி, கொட்டகை, வண்டிகள், அங்கே வேலை செய்த மனிதர்கள் ஆகிய அனைத்தையும் ஒரே அளவு விகிதத்தில் சிறிதாக்கி, மேசைமேல் வைக்கத்தக்க ஒரு காட்சியாக அமைப்பதை டயோரமா என்பர். தனி விமான மாதிரி ஒன்றைச் செய்து கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. தனி மாதிரி ஒரு பொருளின் வடிவத்தைக் காட்டுகிறது. டயோரமாவோ அப்பொருள் நின்ற இடத்தையும், அப்போதைய பொழுதையும், அதைச் சுற்றி நடந்த உழைப்பையும் சேர்த்துக் காட்ட முற்படுகிறது. அக்காட்சியை நிழற்படமாக எடுத்து, பார்ப்பவர் அதை உண்மையான தளம் என்றே ஒரு கணம் எண்ணும்படி செய்வது இக்கலையின் அடுத்த படி. இரு படிகளிலும் கலைஞர் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: உலகத்தில் எவற்றைச் சுருக்க முடியும், எவற்றைச் சுருக்க முடியாது?

டயோரமா என்னும் பெயரும் நிழற்படக் கலையும் ஒரே மனிதரோடு தொடர்புடையவை என்பது பலர் அறியாத செய்தி. பிரெஞ்சு ஓவியரான லூயி டாகேர், சார்ல் மரி பூட்டோனுடன் சேர்ந்து 1822இல் பாரிஸில் திறந்த காட்சிக்கூடத்துக்கு டயோரமா என்று பெயர் வைத்தார். ஒளி ஊடுருவும் துணியில் வரையப்பட்ட மிகப் பெரிய ஓவியங்களின்மேல் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் விழும் வெளிச்சத்தை மாற்றி மாற்றி, ஒரே ஓவியத்தில் பகல் மறைந்து இரவு வருவதைப் பார்வையாளருக்குக் காட்டிய கூடம் அது. 1839இல் அக்கூடம் தீக்கு இரையானது. வெள்ளி பூசிய தகட்டில் உருவத்தைப் பதிக்கும் டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் அருங்காட்சியகங்கள் பாடம் செய்த விலங்குகளை அவற்றின் காட்டுச் சூழலோடு காட்டுவதற்கும், அதன் பிறகு மாதிரி செய்வோர் தம் சிற்றுலகங்களுக்கும் அப்பெயரை எடுத்துக்கொண்டனர். பொருள் மாறினாலும், ஒளியைக் கொண்டு கண்ணை நம்பவைப்பது என்னும் பழைய நோக்கம் மாறவில்லை.

அளவு விகிதம்

விமான மாதிரிகளில் பரவலாக வழங்கும் விகிதம் 1:72. ஆறு அடி உயர மனிதர் இதில் ஓர் அங்குல உயரமாகிறார். பிரிட்டனில் 1930களில் மரத்தாலான ஸ்கைபேர்ட்ஸ் மாதிரிகள் இந்த விகிதத்தில் வந்தன. 1936இல் ஃப்ராக் நிறுவனத்தின் பெங்குவின் வரிசை பிளாஸ்டிக் உதிரிப் பாகங்களைக் கொண்ட கிட்டுகளாக வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வானில் தெரியும் விமானம் தம்முடையதா பகைவருடையதா என்று வீரர்கள் அடையாளம் காணப் பழகுவதற்கும் இதே விகித மாதிரிகள் பயன்பட்டன. பத்து மீட்டர் தொலைவில் தொங்கும் 1:72 மாதிரி, 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் தெரியும் அளவிலேயே கண்ணுக்குத் தெரியும் என்பதால் அப்பயிற்சி பொருளுள்ளதாயிற்று. 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் கிட்டை வெளியிட்ட பிறகு இப்பழக்கம் சிறுவர்களின் மேசைகள்வரை சென்றது. நுணுக்கத்தை விரும்புவோர் 1:48, 1:32 ஆகிய பெரிய விகிதங்களையும், இடம் குறைந்தோர் 1:144 என்னும் சிறிய விகிதத்தையும் கையாள்கின்றனர்.

நீளத்தையும் அகலத்தையும் சுருக்குவது எளிய கணக்குதான். எனினும் அந்தக் கணக்கே கலைஞருக்கு முதல் வரம்பை விதிக்கிறது. போர்க்காலப் பிரிட்டனில் குண்டுவீச்சு விமானங்களுக்காக அமைக்கப்பட்ட முழுநிலைத் தளமொன்றின் முதன்மை ஓடுபாதை 2,000 கெஜம், அதாவது ஏறத்தாழ 1,830 மீட்டர் நீளமுடையது. 1:72 விகிதத்திலும் அது 25 மீட்டரைத் தாண்டும். எந்த வீட்டுக் கூடத்திலும் அதற்கு இடமில்லை. ஆகவே தளம் முழுவதையும் செய்ய நினைப்பவர் தோற்பார். தளத்தின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்பவரே வெல்வார். அத்தகைய தளங்களில், எதிரியின் குண்டுவீச்சில் பல விமானங்கள் ஒருசேர அழியாதிருக்க, அவற்றைச் சுற்றுப்பாதையை ஒட்டித் தனித்தனி நிறுத்துமிடங்களில் பிரித்து நிறுத்தினர். கைப்பிடி வைத்த வாணலியைப் போன்ற வடிவம் கொண்ட கான்கிரீட் வட்டங்கள் அவற்றுள் ஒரு வகை. அதில் ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இறக்கையின் முழு அகலம் 31 மீட்டர் உள்ள லங்காஸ்டர் விமானம்கூட 43 சென்டிமீட்டராகி, ஒரு மேசைப் பலகையில் அடங்கிவிடுகிறது.

மண், எடை, காற்று

தளத்தின் தரை, விமானத்தைவிட மிகுந்த கவனத்தைக் கோருவது. எடை குறைந்த பாலிஸ்டைரீன் பலகையை அடித்தளமாக்கி, அதன்மேல் மெல்லிய அட்டையாலோ பிளாஸ்டராலோ கான்கிரீட் பரப்பை அமைத்து, கான்கிரீட் வெப்பத்தால் விரியும்போது வெடிக்காமலிருக்க விடப்படும் இடைவெளிகளைக் கூர்முனையால் கீறி, அவற்றில் தார் நிறத்தை ஓடவிடுவது வழக்கம். கான்கிரீட் என்றதும் சாம்பல் நிறத்தை அப்பிவிடுவது தொடக்க நிலையினர் செய்யும் பிழை. உண்மையான பரப்பில் வெளிர்மஞ்சளும் பழுப்பும் கலந்திருக்கும், ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்திலிருந்து சற்றே வேறுபடும், விமானம் நின்ற இடத்தில் என்ஜின்களுக்குக் கீழே எண்ணெய்க் கறை படிந்திருக்கும். புல்லுக்கு நுண்ணிய நைலான் இழைகளை மின்னூட்டம் பெறச் செய்து, பசை தடவிய தரையின்மேல் தூவுகின்றனர்; மின்விசையால் இழைகள் படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்கின்றன. இங்கும் விகிதத்தை மறக்கக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் இழை 1:72இல் 14 சென்டிமீட்டர் புல்லாகிவிடும். அரை மில்லிமீட்டர் மணல்துகள் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். ஆற்றுமணலைத் தூவிய டயோரமா பாறைக்காடாகத் தோன்றுவதற்கும், சலித்தெடுத்த நுண்தூளையே தேர்ந்தவர்கள் நாடுவதற்கும் இதுவே காரணம்.

எடை சுருக்க முடியாதவற்றுள் ஒன்று. உண்மையான விமானம் பல டன் பாரத்தைத் தன் சக்கரங்களின்மேல் தாங்கி நிற்கும்போது அவற்றின் அடிப்பகுதி தரையில் அழுந்திப் பக்கவாட்டில் சற்றே பிதுங்குகிறது. பிளாஸ்டிக் சக்கரம் அவ்வாறு பிதுங்குவதில்லை. ஆகவே அதன் அடியை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்காவிட்டால் விமானம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதப்பதுபோல் தோன்றும். தட்டையான அந்த ஒரு மில்லிமீட்டரே, பார்ப்பவர் மனத்தில் பாரத்தின் உணர்வை உண்டாக்கிவிடுகிறது.

காற்றும் அவ்வாறே. நூறு மீட்டர் தொலைவிலுள்ள விமானத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஈரமும் தூசும் கலந்த காற்று நிறைந்திருப்பதால், அதன் நிறங்கள் சற்று வெளுத்தும் பளபளப்புக் குறைந்தும் தெரிகின்றன. மாதிரிக்கும் கண்ணுக்கும் இடையே அவ்வளவு காற்று இல்லை. எனவே அசல் விமானத்தில் பூசிய அதே வண்ணத்தை மாதிரியில் பூசினால் அது மிகக் கருத்துத் தோன்றும் என்று கருதி, பலரும் வண்ணத்தில் சிறிது வெள்ளை கலந்து பூசி, மேலே மங்கலான வார்னிஷ் அடிக்கின்றனர். வண்ணத்தின் வழியே காற்றை வரைவது என்று இதைச் சொல்லலாம்.

மனிதர்களின் இடம்

எல்லாம் சரியாக அமைந்தும் உயிரற்றுக் கிடக்கும் டயோரமாக்கள் உண்டு. அமெரிக்க மாதிரிக் கலைஞர் ஷெப்பர்ட் பெயின் செய்த டயோரமாக்களின் படங்களை மோனோகிராம் நிறுவனம் 1970களில் தன் கிட்டுப் பெட்டிகளில் துண்டறிக்கைகளாக வைத்தது. ஒரு டயோரமா கதை சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையின் மனத்தில் பதித்தவை அவை. விமானத் தளத்தின் கதை பெரும்பாலும் விமானியின் கதை அன்று. என்ஜினைப் பராமரிக்கும் ஃபிட்டர், விமான உடலைப் பராமரிக்கும் ரிக்கர், குண்டுகளையும் தோட்டாக்களையும் ஏற்றும் ஆர்மரர், எரிபொருள் லாரியின் ஓட்டுநர், இருசக்கரத் தள்ளுவண்டியில் மின்கலங்களைக் கொண்டுவந்து என்ஜினைக் கிளப்ப உதவுபவர் ஆகிய தரைப் பணியாளர்களாலேயே அத்தளங்கள் இயங்கின. அகன்ற தளத்தில் அவர்கள் மிதிவண்டியில் போய்வந்ததால், நெளிதகட்டுக் குடிலின் சுவரில் சாய்த்து வைத்த ஒரு மிதிவண்டி, கழற்றிய என்ஜின் மூடிமேல் கிடக்கும் ஒரு கையுறை, சக்கரத்தின் முன்னும் பின்னும் வைத்த மரக்கட்டை ஆகியவை பத்துப் பொம்மைகளைவிட அதிகம் பேசும். பொம்மைகள் வைக்கும்போதும் அவர்களின் பார்வை ஒரே வேலையின்மேல் குவிந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு திசையில் நின்றால் காட்சி சிதறிவிடும்.

கேமராவின் முன்

படமெடுக்கும் கட்டத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது கண்ணின் உயரம். நிற்கும் மனிதரின் கண், தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1:72இல் அது 2.2 சென்டிமீட்டர். லென்ஸின் மையம் அந்த உயரத்துக்கு இறங்கினால்தான் தளத்தில் ஒருவர் நின்று பார்ப்பதுபோன்ற படம் கிடைக்கும். மேலிருந்து எடுத்தால் அது மேசைமேலுள்ள பொருளின் படமாகவே இருக்கும். பெரிய கேமராவை அவ்வளவு தாழ்வாக வைப்பது கடினம். மொபைல் போனைத் தலைகீழாகப் பிடித்தாலோ லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடுகிறது. இதனால் எளிய கருவியே இங்கு ஏற்றதாகிறது.

அடுத்த சிக்கல் புல ஆழம். குவித்த புள்ளிக்கு முன்னும் பின்னும் படம் தெளிவாக இருக்கும் தொலைவின் அளவையே புல ஆழம் என்கின்றனர். உண்மை விமானத்தை 20 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் படத்தில் முன்னிருந்து பின்வரை எல்லாம் தெளிவாக விழும்; அதே காட்சியை மாதிரியில் எடுக்கக் கேமரா 28 சென்டிமீட்டர் தொலைவுக்கு வர வேண்டியிருப்பதால், இறக்கையின் ஒரு முனை தெளிந்தால் மறுமுனை மங்குகிறது. மங்கலே பொம்மை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும். ஆனால் மிகச் சிறிதாக்கினால், ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவும் விளிம்பு விளைவினால் படம் முழுவதும் கூர்மை இழக்கும். ஆகவே கேமராவை அசைக்காமல், குவியத்தை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கணினியில் சேர்க்கும் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங் முறையைப் பலர் கையாள்கின்றனர்.

இத்தனை தடைகளுக்கு நடுவே, சுருக்கத் தேவையே இல்லாத ஒன்று உண்டு, அது வெயில். மேசை விளக்கை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தால், 1:72 உலகத்தில் அது 72 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்குதான். அதன் கீழ் நிழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக விழாமல் விசிறிபோல் விரியும். சூரியனோ எட்டாத் தொலைவில் இருப்பதால் மாதிரிக்கும் அசலுக்கும் நிழல்கள் இணையாகவே விழுகின்றன. மேலும், சூரியன் வானில் ஏறக்குறைய அரை பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிவதால், ஒவ்வொரு நிழலின் ஓரத்திலும் மெல்லிய புறநிழல் ஒன்று உண்டாகிறது. அதன் அகலம், பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தொலைவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் உயரத்திலுள்ள உண்மை இறக்கைக்கு அது சுமார் இரண்டு சென்டிமீட்டர். மாதிரி இறக்கைக்குத் தானாகவே அதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. மனிதர் அளந்து செய்ய முடியாததை வெயில் அளக்காமலே செய்துவிடுகிறது. இக்காரணத்தால்தான் தேர்ந்தவர்கள் டயோரமாவைத் திறந்தவெளிக்கு எடுத்துச் சென்று, சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ படமெடுக்கின்றனர்.

திறந்தவெளி இன்னொரு நன்மையையும் தருகிறது. நூறு மீட்டர் தொலைவில் நிற்கும் பத்து மீட்டர் மரம், 1.4 மீட்டர் தொலைவில் நிற்கும் 14 சென்டிமீட்டர் மாதிரி மரத்தின் அளவிலேயே கேமராவுக்குத் தெரியும். பலகையின் ஓரத்தைத் தொடுவானக் கோட்டோடு பொருந்தச் செய்தால், மெய்யான மரங்களும் மேகங்களும் மாதிரித் தளத்தின் பின்புலமாகிவிடுகின்றன. அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித், 1:24 விகிதக் கார்களை மெய்யான வீடுகளுக்கும் மரங்களுக்கும் முன்னால் இவ்வாறே வைத்து, எல்ஜின் பார்க் என்னும் கற்பனை ஊரை எளிய கேமராக்களால் படைத்துக் காட்டினார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள மினியாட்டூர் வுண்டர்லாண்ட் எதிர்த்திசையில் சென்றது: 2011இல் அங்கே திறக்கப்பட்ட 1:87 விகித க்னுஃபிங்கன் விமான நிலையத்தில், கூரைக்குக் கீழேயே விளக்குகளால் பகலும் இரவும் மாறிமாறி வருகின்றன, விமானங்கள் ஓடி மேலெழுகின்றன. ஒளியை மாற்றிப் பொழுதை மாற்றிய டாகேரின் கூடத்துக்கு அது நெருங்கிய உறவு.

இக்கலைக்குச் செலவாகும் மாதங்களை வீண் என்று கருதுவோர், போர்க்காலத் தளங்களின் இன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நூற்றுக்கணக்கான தளங்கள் மீண்டும் வயல்களாயின. அவற்றின் கான்கிரீட் பெயர்க்கப்பட்டுச் சாலைகளுக்கு அடியில் போயிற்று. சென்னையை அடுத்த சோழவரத்திலும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்று பின்னர் மோட்டார் பந்தயத் தடமாகவே பெயர் பெற்றது. விமானங்களுள் சிலவேனும் அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன; அவை நின்ற எண்ணெய் படிந்த தரையும், அத்தரையில் மண்டியிட்டு வேலை செய்தவரின் பொழுதும் அவ்வாறு காக்கப்படவில்லை. ஒரு டயோரமா அவற்றை அரை மீட்டர் பலகையில் மீட்டெடுக்கிறது. மாலை வெயில் அதன்மேல் சாயும்போது, அன்று அந்தத் தரைப் பணியாளரின் காலடியில் விழுந்த அதே வகை நிழல், அதே விகிதத்தில், மீண்டும் ஒருமுறை விழுகிறது.