பச்சைப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க! முதல்முறையாக ராணுவப் பழைய ஜீப் வாங்கப் போகும் உழவருக்கு

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். காபி, மிளகு, மலைவாழை, ஊடே கொஞ்சம் ஆரஞ்சு. ரசாயனம் தொட்டு ஒன்பது வருசம் ஆச்சு. தார்ச்சாலையில் இருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் ஏறுவது ஜீப் மட்டும்தான். தொழுவுரம் மேலே போகணும், வாழைத்தார் கீழே வரணும், பழம் பறிக்க ஆறு பெண்கள் போய் வரணும். எல்லாத்துக்கும் வாடகை ஜீப். நமக்கு வேண்டிய நாளில் அது கிடைக்காது. போன வருசம் ஒரு வாரம் ஜீப் கிடைக்காமல் பழுத்த தார் தோட்டத்திலேயே கிடந்து வீணானது.

அப்போதுதான் சொந்த வண்டி ஆசை வந்தது. புது நாலு சக்கர இயக்க வண்டி நமக்கு எட்டாது. "மிலிட்டரி கழிச்ச ஜிப்சி வாங்குப்பா, மலைக்குன்னே செஞ்ச வண்டி" என்றார்கள். மிளகு விற்ற காசு கையில் இருந்தது. நானும் கிளம்பிட்டேன்.

அந்த ஆசையில் நான் 20,000 ரூபாய் இழந்தேன். இன்னும் கொஞ்சம் அசந்திருந்தால் அதைவிடப் பெரிசாக இழந்திருப்பேன். நம் இயக்க நண்பர்கள் சிலர் இப்போது அதே யோசனையில் இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வண்டி

வியாபாரியின் ஊரும் பேரும் வேண்டாம். கொட்டகையில் ஆறேழு வண்டி நின்றது. அதில் ஒரு ஜிப்சி, பளபளன்னு பச்சை பெயிண்ட், புது தார்ப்பாய். சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. "2009 மாடல் தம்பி. பட்டாளத்து வண்டி, நேரத்துக்கு ஆயில் மாத்தி வச்சது" என்றார். தனியாகப் போயிருந்தேன், நல்லது கெட்டது சொல்ல ஆளில்லை. 20,000 முன்பணம் கொடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஆர்.சி. புக்கைப் பார்த்தீங்களா?" பார்க்கலை. ஒரு விதை வாங்கினால் எந்த ஊர் விதை, யார் எடுத்தது என்று நாலு கேள்வி கேட்கிற ஆள் நான். வண்டியில் அதைக் கோட்டை விட்டேன்.

மறுவாரம் எங்க ஊர் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். நாப்பது வருசமாக மலை ஜீப் பார்க்கிறவர். அவர் இன்ஜினைத் திறக்கவே இல்லை. நேரே பின்பக்கம் போய், பம்பரில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் மேல்நோக்கிய அம்புக்குறி, அதை ஒட்டி 02 என்ற எண்.

ராணுவ வண்டி எண்ணின் முறை அதுதான். முதலில் மேல்நோக்கிய அம்பு, அடுத்த இரண்டு இலக்கம் படையில் சேர்ந்த வருசம், பிறகு எழுத்தும் வரிசை எண்ணும். ஆக, 2009 என்று சொன்ன வண்டி 2002-ல் சேர்ந்தது.

"ஆர்.சி. எங்கேண்ணே?" என்று கேட்டேன். "ஏலத்துல எடுத்த பில் இருக்கு தம்பி. மலைக்குள்ள ஓட்டப் போறீங்க, யாரு கேக்கப் போறா?" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்தது உடைப்புக்கு விற்ற இரும்புக் கணக்கு. ஓட்டுவதற்கு விற்ற வண்டியே இல்லை அது.

முன்பணம் திரும்பி வரலை. ஆனால் வரும் வழியில் மெக்கானிக் அண்ணன் சொன்ன வார்த்தைதான் இன்னும் காதில் நிற்குது: "காசு போனா போகுதுப்பா. ஆறு பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு இந்த வண்டி கவுந்துச்சுன்னா என்ன செய்வே?"

பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாமல் ஒரு உயிர் போனால் நஷ்டஈடு நம் தலையில். தோட்டமே போகும். அதற்கும் மேலே, நம்மை நம்பி ஏறினவங்க குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

தாள் முதலில், வண்டி பிறகு

ராணுவத்தில் ஓடும்போது வண்டிக்கு நம்ம ஆர்.டி.ஓ. பதிவு தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 60-ன்படி பாதுகாப்புத் துறைக்குத் தனிப் பதிவு. அரசின் கையை விட்டு வெளியே வந்ததும் மற்ற வண்டிகளைப் போல ஆர்.டி.ஓ.வில் பதிந்தாக வேண்டும்.

கழித்த வண்டிகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. போன்ற நிறுவனங்களின் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வருகின்றன. 'எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே' என்பதுதான் அங்கே நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. ஓடும் நிலையில் விற்றது வேறு, உடைப்புக்கு விற்றது வேறு. உடைப்புக்குப் போனதை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அதற்கு நேர்மையான ஆர்.சி. வராது.

இன்னொரு விசயம். 2023 ஏப்ரல் 1 முதல் அரசுக்குச் சொந்தமான 15 வருசம் தாண்டிய வண்டிகளை, பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில்தான் கழிக்கணும் என்று மத்திய அரசு விதி வந்திருக்கு. நாட்டுப் பாதுகாப்புப் பணியில் உள்ள கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்குத்தான் விலக்கு. அதனால், "இப்பத்தான் கேம்பிலிருந்து வந்தது, பதிவு பண்ணிக்கலாம்" என்று யாராவது பழைய வண்டியைக் காட்டினால் இருமடங்கு சந்தேகப்படுங்க.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். ராணுவத்திலிருந்து எப்போதோ வெளியே வந்து, தமிழ்நாட்டில் ஏற்கெனவே பதிவாகி, ஒரு தனியாள் பேரில் ஆர்.சி. உள்ள வண்டியை மட்டும் பாருங்க. எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை, காப்பீடு எதுவரை, கடன் பிடிப்பு இருக்கா என்று தெரியும். வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேணும், இங்கே வரியும் கட்டணும். 15 வருசம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும், பசுமை வரியும் சேரும். இதையெல்லாம் விலையோடு கூட்டிப் பார்த்துப் பேசுங்க.

அடுத்து சேஸிஸ் எண், இன்ஜின் எண். ஆர்.சி.யில் இருப்பதை வண்டியில் குத்தியிருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்க. சேஸிஸ் எண் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அச்சாக விழும். சுற்றிலும் அரம் போட்ட கீறலோ, வெல்டிங் தடமோ தெரிந்தால் அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜின் மாட்டிய ஜீப் நிறைய உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாத மாற்றம் சட்டப்படி செல்லாது.

எந்த வண்டி?

ஜபல்பூர் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை செய்த ஜோங்காவை சில பேர் தேடி அலைகிறார்கள். பலமான வண்டிதான். ஆனால் கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். எண்ணெய் குடிப்பதும் அப்படி, பாகம் தேடுவதும் பெரும்பாடு. ஆசைக்கு வைத்திருப்பவருக்குச் சரி, உழவருக்குச் சுமை.

ஜிப்சி 1.3 லிட்டர் பெட்ரோல். ராணுவக் கணக்கில் 500 கிலோ வகை வண்டி. நாலு பக்கமும் கமான் பட்டை, உள்ளூர் மெக்கானிக்குக் கைப்பழக்கம், பாகமும் கிடைக்கும். நம்ம அளவுக்கு இது போதும் என்று முடிவு செய்தோம்.

காலையில் போங்க, வேட்டியை மடிச்சுக் கட்டுங்க

மூணு மாசம் கழித்து ஒரு எஸ்டேட்காரரிடம் இருந்த ஜிப்சியைப் பார்க்கப் போனோம். தமிழ்நாட்டு ஆர்.சி., எண் எல்லாம் சரி. மெக்கானிக் அண்ணன் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது போகணும். பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணும்போது புகையைப் பாருங்க. நீலம் என்றால் ஆயில் எரியுது. வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகுது. கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கு, தொடாதீங்க.

பிறகு அடியில் படுக்கணும். ராணுவ வண்டி பல நேரம் குறைவான கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், ஆனால் வருசக்கணக்கில் நின்றிருக்கும். ஓட்டத்தில் தேய்வதைவிட நிற்பதில் கெடுவது அதிகம். ரப்பர் ஓஸ், புஷ், ஆயில் சீல், பிரேக் சிலிண்டர், பெட்ரோல் டேங்கின் உள்பக்கம் இவைதான் முதலில் போகும். சேஸிஸை சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்க. 'டிங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் அங்கே துரு தின்றிருக்கு.

பாடிக்கு ஒரு காந்தம் போதும். துணியில் சுற்றி ஒட்டிக்கொண்டே போங்க. ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கு.

டயரில் பட்டனைப் பார்த்து ஏமாறாதீங்க. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருசம் 23-வது வாரம் செய்தது. பட்டன் புதுசாக இருந்தாலும் பத்து வருசத்து ரப்பர் மலை இறக்கத்தில் வெடிக்கும்.

நாலு சக்கர இயக்கத்தை மண்பாதையில்தான் சோதிக்கணும். தார்ச்சாலையில் போட்டு வளைத்தால் நல்ல வண்டியும் இறுகிக்கொள்ளும். மண் ஏற்றத்தில் 4எல் போட்டு மெதுவாக ஏறுங்க. கியர் தானாகத் துள்ளி வெளியே வரக்கூடாது. முன் அச்சு முட்டியில் கிரீஸ் ஒழுகுதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு, இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்குதா என்று பாருங்க. மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது.

வரவு செலவு

வண்டி 2,10,000 ரூபாய்க்கு முடிந்தது. அதோடு நிற்கலை. ஐந்து டயர் 24,000, பிரேக் சிலிண்டரும் ஓஸ்களும் 9,500, கிளட்ச் 7,000, முன் அச்சு சீல் வேலை 4,500. ஆகக் கூடுதல் 45,000. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்காவது தனியாக எடுத்து வைக்காமல் பழைய வண்டி வாங்காதீங்க.

வாடகை ஜீப் ஒரு நடைக்கு 900. சொந்த வண்டியில் போய்வர 14 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோல், 200 ரூபாய். நடைக்கு 700 மிச்சம். மாசம் 6 நடை என்றால் 4,200. போட்ட 2,55,000 திரும்ப ஐந்து வருசம் ஆகும். காப்பீடும் பராமரிப்பும் இதில் சேர்க்கலை. மாசம் ஒண்ணு ரெண்டு நடைதான் என்றால் வாடகை ஜீப்பே மேல். சிறுமலையில் குதிரையில் வாழைத்தார் இறக்கியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. எனக்கு லாபம் காசில் இல்லை. தார் பழுத்த அன்றே கீழே இறங்குது, அதுதான் லாபம்.

வெள்ளைப் பலகை வண்டியில் அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றக் கூடாது என்பதையும் மறக்காதீங்க.

வாங்கிய பிறகு

முதல் வேலை பெயிண்ட். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ராணுவ வண்டி தவிர எந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அம்புக்குறி, படைச் சின்னம் எல்லாம் அழிக்கணும். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றணும். எங்க வண்டி முன்னாடியே வெள்ளையாகி இருந்தது, அந்த அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பு இருக்கும் என்று நினைக்காதீங்க. உள்ளே வருபவருக்கும், நம்மிடம் வேலை செய்பவருக்கும் சேர்த்து எழுதச் சொல்லி, பாலிசித் தாளில் அந்த வரி இருக்கா என்று படித்துப் பார்த்து வாங்குங்க. ஆர்.சி.யில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் ஏறணும். நாங்க இப்போ பெண்களை இரண்டு நடையாகக் கூட்டிப் போகிறோம். பெட்ரோல் கொஞ்சம் கூடுதல், மனசுக்கு நிம்மதி.

மூன்றாவது, சாணக் கரைசலும் ஜீவாமிர்தமும் சிந்தினால் தளத் தகட்டைத் தின்றுவிடும். ரப்பர் விரிப்பு போட்டு, இறக்கியதும் கழுவி விடுங்க.

மண்ணை நம்புவதற்கு முன்னால் தோண்டி, கையில் எடுத்து, மோந்து பார்க்கிற ஆட்கள் நாம். வண்டியையும் அப்படிப் பாருங்க. தனியாகப் போகாதீங்க, தாளைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. எனக்குப் போன 20,000 உங்களுக்குப் போகாமல் இருந்தால், அதை வீணாகப் போன காசு என்று நான் கணக்கு எழுத மாட்டேன்.