கொசுவிலிருந்து அஜீத் வரை

தாமல் ஏரிக்கரையில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். தன் கூட்டை நெருங்கும் பருந்தைச் சின்னஞ்சிறு கரிச்சான் குருவி விரட்டிக்கொண்டு போவதைக் காணலாம். உருவத்தில் பெரிய பருந்து ஏன் திணறுகிறது? சிறிய உடல் நொடியில் திரும்புகிறது. பெரிய உடலால் அது முடியவில்லை.

இதே கருத்தை விமானத்தில் செய்து காட்ட முனைந்தவர் பெட்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர். நம் விமானப் படையிலும் பணியாற்றிய கான்பரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர் இவரே. போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு எடையிலும் விலையிலும் பெருத்து வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஃபோலண்ட் நிறுவனத்தில் 'மிட்ஜ்' என்னும் சிறிய விமானத்தை உருவாக்கினார். 1954 ஆகஸ்டில் அது பறந்தது. அதன் எஞ்சினின் உந்துவிசை சுமார் 750 கிலோகிராம்தான், பீரங்கியும் கிடையாது. கருத்து சரியா என்று பார்ப்பதற்கான சோதனை விமானம் அது.

சோதனை வென்றது. காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கி, இறக்கையைச் சற்றே நீட்டி, 'ஆர்ஃபியஸ்' என்னும் வலிய எஞ்சினைப் பொருத்தினார்கள். 1955 ஜூலையில் 'நாட்' பறந்தது. நாட் என்றால் கொசு போன்ற சிறு பூச்சி. எடையைக் குறைக்க எத்தனை சிக்கனம் தெரியுமா? தரையிறங்கும் சக்கரங்களைப் பாதி இறக்கினால், அவையே வானத்தில் வேகத்தைக் குறைக்கும் தடைகளாகவும் பயன்பட்டன!

1956-இல் இந்தியா உரிமம் பெற்றது. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நாட் உருவாகத் தொடங்கியது.

இப்போது நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுகூருங்கள். முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்துக் கிடைப்பது. எதிரியிடமிருந்த சேபர் விமானத்தின் வெற்று எடை சுமார் 5,000 கிலோகிராம். நாட்டின் வெற்று எடையோ சுமார் 2,200 கிலோகிராம். சேபரின் எஞ்சின் சற்று வலியதுதான். ஆனால் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் கிடைக்கும் விசை நாட்டில்தான் அதிகம். ஆகவே அது விரைவில் வேகம் பிடித்தது, செங்குத்தாக ஏறியது. இன்னொன்று: ஒரு பென்சிலைச் சுழற்றிப் பாருங்கள், பிறகு பத்தடி மூங்கிலைச் சுழற்றிப் பாருங்கள். நீளம் கூடினால் சுழற்சிக்கான தடையும் கூடும். நாட்டின் இறக்கை நீளம் ஏழு மீட்டருக்கும் குறைவு. அதனால் அது சட்டென்று புரண்டு திசை மாறியது.

1965 போரில் இதற்குச் 'சேபர் கொல்லி' என்ற பெயரே வந்துவிட்டது. 1971 டிசம்பர் 14-ஆம் நாள் ஸ்ரீநகர் விமானதளம் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே நாட்டில் ஏறி, சேபர்களை எதிர்த்து உயிர்நீத்தார் நிர்மல் ஜித் சிங் சேகோன். பரம் வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப் படை வீரர் அவர்.

ஆயினும் நாட்டுக்குக் குறைகள் உண்டு. ஹைட்ராலிக் அமைப்பும் வால் கட்டுப்பாடும் விமானிகளைத் தொல்லைப்படுத்தின. சிறிய உடலில் எரிபொருளுக்கு இடமில்லை. இறக்கைக்கு அடியில் கூடுதல் தொட்டிகளைத் தொங்கவிட வேண்டியிருந்தது. அங்கே தொட்டி தொங்கினால் குண்டுக்கு இடமேது?

நம் பொறியாளர்கள் இறக்கையின் உட்புறத்தையே கசிவின்றி அடைத்து, அதையே எரிபொருள் தொட்டியாக்கினார்கள். கட்டுப்பாட்டு அமைப்புகளையும் திருத்தினார்கள். 1975 மார்ச்சில் பறந்தது 'அஜீத்', அதாவது வெல்ல முடியாதவன். 1991 வரை அது பணியாற்றியது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. நம்மூர் நெசவாளரைக் கேளுங்கள்: சரிகையைக் கூட்டினால் சேலை அழகாகும், கனமும் ஆகும் என்பார். விமானத்திலும் அப்படித்தான். ஒன்றைக் கூட்டும்போது எதை இழக்கிறோம் என்று கணக்கிடுவதே வடிவமைப்பு.

நீங்களும் கணக்கிடுங்கள்: விசை மாறாமல், ஒரு விமானத்தின் எடை 4,000 கிலோகிராமிலிருந்து 4,400 ஆனால், காற்றின் தடையை விட்டுவிட்டால், முடுக்கம் எத்தனை பங்கு குறையும்? பத்தில் ஒரு பங்கு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்!