பிள்ளையின் பெயரும் அதன் எழுத்தும்

ஆண் மகவு பிறந்த வீட்டில் பெயரை நிச்சயிக்கக் காட்டும் சிரத்தையை, அப்பெயரின் எழுத்தை நிச்சயிப்பதில் நம்மவர் காட்டுவதில்லை. எழிலன் என்று தமிழில் எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்து இல்லாமையால் ஒருவர் 'எல்' இடுவார். மற்றொருவர் 'இஸட், எச்' என ஈரெழுத்து இடுவார். எண்சோதிடர் சொற்படி வேண்டாத எழுத்தைக் கூட்டுவாரும் உளர்.

இஃது அற்ப விஷயமன்று. 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றில் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. அதில் ஓரெழுத்தும் ஏனைய ஆவணங்களில் வேறெழுத்தும் இருப்பின், பிற்காலத்தில் கச்சேரி கச்சேரியாக அலைய வேண்டியவன் அம்மகனே.

அவசரமும் வேண்டுவதில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதிவு செய்து, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்க விதிகள் இடந்தருகின்றன. ஆகவே பெற்றோரை நாம் கேட்டுக்கொள்வது இது: முதலில் தமிழெழுத்தை உறுதி செய்யுங்கள். அதன் ஓசைக்கு மிக நெருங்கிய ஆங்கில எழுத்தைப் பின்னர்த் தேருங்கள். இரண்டையும் ஒரே தாளில் தெளிவாக எழுதிப் பதிவாளரிடம் கொடுங்கள். தமிழ்ப் பெயருக்குத் தமிழ் ஓசையே அளவுகோல் என்பதை நம் வீடுகளிலேனும் நிலைநாட்டுவோமாக.