ஒரு கருவியா, இரு கருவிகளா?

ஷவ்வால் மாதம் பிறந்து மத்ரஸாக்களில் புதிய கல்வியாண்டு தொடங்கும் நாட்களில் பெற்றோர் எம்மைத் தேடி வந்து கேட்கும் கேள்விகள் பல. பாடத்திட்டம் யாது, உணவு எப்படி, விடுமுறை எப்போது என்பன பழைய கேள்விகள். அண்மை ஆண்டுகளில் இவற்றுக்கெல்லாம் முன்பாக வந்து நிற்பது வேறொன்று. "ஹஜ்ரத், பிள்ளைக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கட்டுமா? அல்லது பேசுவதற்கு ஒரு பட்டன் போனும், கேட்பதற்குத் தனியே ஒரு பிளேயரும் போதுமா?" மகளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பும் தாய்மாரும், வயது முதிர்ந்த பெற்றோருக்குக் கைப்பேசி வாங்க எண்ணும் பிள்ளைகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர்.

கடைக்காரரிடம் கேட்டால் விடை உடனே கிடைத்துவிடும். ஸ்மார்ட்போன் ஒன்றிலேயே எல்லாம் அடங்கியிருக்கும்போது இரண்டு பொருள்களை எதற்காகச் சுமக்க வேண்டும் என்பார். விலையையும் வசதியையும் மட்டும் பார்த்தால் அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் வீட்டின் கணக்கில் இவ்விரண்டுக்கும் அப்பால் இன்னும் சில வரிகள் இருக்கின்றன.

கடைகளில் 'மியூசிக் பிளேயர்' என்றே இதற்குப் பெயர். நம் இல்லங்களில் அதில் ஒலிப்பவை பெரும்பாலும் கிராஅத்தும், பயானும், மறைந்த நாகூர் இ.எம். ஹனீஃபா அவர்களின் கணீர்க் குரலுமே. இசை பற்றிய மார்க்க விவாதத்துக்குள் இக்கட்டுரை புகவில்லை. அது தனியே பேச வேண்டிய பொருள்.

சபுராளி கொண்டு வந்த பெட்டி

பல கருவிகளை ஒன்றாக இணைக்கும் ஆசை இன்று பிறந்ததன்று. எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து திரும்பும் சபுராளியின் பெட்டிகளுள் அத்தர், சேலை, டைகர் பாம் இவற்றோடு கட்டாயம் இடம்பெற்றது 'டூ இன் ஒன்'. வானொலியும் ஒலிநாடாக் கருவியும் ஒரே உடலில் அமைந்த அப்பெட்டியை எங்கள் தெருவில் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூவேலை செய்த துணியால் மூடியிருப்பார்கள். ரமளானில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி அதில்தான் ஒலிக்கும். கணவர் அனுப்பும் ஒலிநாடாக் கடிதமும் அதில்தான் ஓடும். எழுதத் தெரியாத உம்மாமார், தாம் சொல்ல விரும்பியதையெல்லாம் அறுபது நிமிட நாடாவில் பேசிப் பதிந்து, ஊரிலிருந்து பயணம் புறப்படுவோரிடம் கொடுத்தனுப்பிய காலம் அது. குழந்தையின் அழுகை, அடுப்பங்கரையின் ஓசை, பள்ளிவாசலின் பாங்கு எல்லாம் அந்த நாடாவில் கூடவே பதிந்து கடல் கடந்து போயின.

அப்பெட்டியில் ஒரு சங்கடமும் இருந்தது. நாடா ஓடும் பகுதி பழுதுபட்டால் பழுது பார்ப்பவர் முழுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போவார். அவர் திருப்பித் தரும் வரை வீட்டில் வானொலியும் இல்லை, நாடாவும் இல்லை. இணைந்திருப்பவை எல்லாம் ஒன்றாகவே நோயுறும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அப்போதே அறிந்திருந்தனர்.

பிரிந்ததும் சேர்ந்ததும்

1979ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் பேசவும் முடியாது, வானொலி கேட்கவும் முடியாது, பதிவு செய்யவும் முடியாது. கேட்பது ஒன்றே அதன் தொழில். இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டில்லிக்குச் சென்றது. பேசியவர் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு. கேட்டவர் மத்திய அமைச்சர் சுக்ராம். அதுவும் பேசுவதற்கு மட்டுமே உரியது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் கருவியை வெளியிட்டு, ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் அடக்கியது. இவ்வாறு பேச ஒன்று, கேட்க ஒன்று என்று கால் நூற்றாண்டுக் காலம் இவை தத்தம் பாதையில் நடந்தன.

சேர்த்து வைக்கும் முதல் முயற்சிகள் அவ்வளவு வெற்றி பெறவில்லை. 2005 செப்டம்பரில் மோட்டோரோலா நிறுவனமும் ஆப்பிளும் கூடி 'ரோக்கர்' என்றொரு கைப்பேசியை வெளியிட்டன. அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் நூறு பாடல்களுக்கு மேல் ஏற்ற முடியாதபடி கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்! வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். 2007இல் ஐபோன் வந்த பின்னரே இரண்டும் மெய்யாகவே ஒன்றாயின. ஐபாட் வரிசையின் கடைசிக் கருவியும் 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. விழுங்கப்பட்ட பொருள் தனியே உயிர்வாழ இடமில்லாமல் போயிற்று என்றே பலரும் எழுதினர். ஆயினும் சிறு பிளேயர்கள் இன்றும் விற்கின்றன. உம்ராவுக்குச் சென்று வருவோர் முழுக் குர்ஆனும் பதிவு செய்யப்பட்ட சிறு ஒலிப்பெட்டிகளை வாங்கி வருகின்றனர். பழைய திரைப்பாடல்களை அடக்கிய 'கேரவான்' பெட்டியை 2017இல் சரிகம நிறுவனம் வெளியிட்டபோது, ஸ்மார்ட்போன் வைத்திருந்த பிள்ளைகளே தம் பெற்றோருக்கு அதை வாங்கிக் கொடுத்தார்கள். இது சிந்திக்கத் தக்கது.

முப்பது மணி நேரம்

1961இல் எகிப்தின் புகழ்பெற்ற காரி ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் குர்ஆன் முழுவதையும் நிறுத்தி ஓதிய ஒலிப்பதிவு வெளிவந்தது. நிதானமாக ஓதும் முறையில் முழுக் குர்ஆனும் ஏறத்தாழ முப்பது மணி நேரம் பிடிக்கும். அறுபது நிமிட நாடாவாயின் முப்பது நாடாக்கள். ஒரு சிறு பெட்டி நிறைந்துவிடும். அதே முப்பது மணி நேரத்தை நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்பி3 கோப்பாக மாற்றினால் 1 ஜிபிக்கும் குறைவான இடமே போதும். மனிதக் குரலுக்கு அந்த அளவு தாராளம். விரல் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில் நான்கைந்து காரிகளின் முழு ஓதலும் அடங்கிவிடும். ஆகவே, 'பிளேயரில் இடம் போதாது' என்ற வாதம் இங்கு எடுபடாது.

ஹிஃப்ழு செய்யும் மாணவன் கேட்பது நாம் பொழுதுபோக்காகக் கேட்பது போன்றதன்று. நாளைய ஸபக்கின் அரைப் பக்கத்தை அவன் இருபது முறை கேட்கிறான். எங்கே நீட்டப்படுகிறது, எங்கே நிறுத்தப்படுகிறது என்று செவியில் பதித்துக்கொள்கிறான். மலிவான பிளேயர்களிலும் 'ஏ-பி ரிபீட்' என்றொரு வசதி உண்டு. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் சுழன்று சுழன்று ஒலிக்கும். ஸ்மார்ட்போன் செயலிகளிலும் இவ்வசதி இருக்கிறது. சிலவற்றில் இன்னும் சிறப்பாகவே, ஆயத்து ஆயத்தாகப் பிரித்துத் தரப்படுகிறது. வேறுபாடு அங்கில்லை. பதினோராவது முறை ஒலித்துக்கொண்டிருக்கும்போது திரையின் மேற்புறம் ஒரு செய்தி வந்து விழுகிறதே, அங்குதான் வேறுபாடு.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் 'ஜும்ஆ முபாரக்' என்று படம் அனுப்பியிருப்பார். பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்த கை, அடுத்து ஒரு குறுங்காணொளியைத் தொடும். அதன் கீழே இன்னொன்று. அரை மணி நேரம் கரைந்த பின் ஸபக் நினைவுக்கு வரும். மாணவரிடையே மட்டுமன்றி, ஆசிரியர் அறையிலும் நாம் காணும் காட்சிதான் இது.

"விமான நிலைக்கு மாற்றிவிட்டால் ஆயிற்று" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. இயலும். ஆனால் மாற்றிய விரலே மீண்டும் அதைத் திருப்பவும் வல்லது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு நாளில் நாற்பது முறை தன்னைத்தானே வெல்லச் சொல்வது நியாயமா? பிளேயரிடம் அந்தப் போராட்டமே எழுவதில்லை. அதில் வேறு எங்கும் போக வழியில்லை.

வாப்பா துபாயில் இருக்கிறாரே!

இதுவரை சொன்னதை வைத்து, இரு கருவிகளே சிறந்தவை என்று தீர்ப்பெழுதிவிடலாம். அவ்வளவு எளிதன்று.

எம்மிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை துபாயில் பணிபுரிகிறார். மகன் பிறந்த பின் அவர் ஊரில் தங்கிய நாட்களை எல்லாம் கூட்டினால் ஓர் ஆண்டு தேறாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு நெடுங்காலமாகத் தடை இருந்து வந்துள்ளதால், அங்குள்ள நம்மவர் 'போட்டிம்' போன்ற செயலிகள் வழியே வீட்டாரின் முகம் காண்கின்றனர். அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும். பட்டன் போனில் குரல் வரும், முகம் வராது. வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணமும் ஏறும். வேலை முடிந்து இரவு அறைக்குத் திரும்பும் ஒரு தகப்பன், தன் மகன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று கண்ணால் பார்க்கும் பத்து நிமிடத்தை நாம் 'கவனச் சிதறல்' என்று தள்ளிவிட முடியுமா?

ஆகவே அந்தத் தாய் எம்மிடம் வந்தபோது, ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அது வீட்டில் இருக்கட்டும். பிள்ளையின் பையில் வேண்டாம் என்றோம். இரவு இஷாவுக்குப் பின் வாப்பாவுடன் பேசட்டும், பேசி முடித்ததும் உம்மாவின் கைக்குப் போகட்டும். ஸபக்குக்கு ஒரு பிளேயர். மத்ரஸாவிலிருந்து வீட்டுக்கு வர நேரமானால் சொல்வதற்கு ஒரு பட்டன் போன். "முகம் பார்ப்பது ஒன்று, ஓதுவது ஒன்று, வழி சொல்வது ஒன்று, சட்டி பானை மாதிரி தனித்தனியாகவா?" என்று அவர் சிரித்தார். அப்படியேதான்.

மேலும், 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. வங்கி, கல்விக் கட்டணம், விண்ணப்பம் என இன்று பலவும் அதன் வழியே நடைபெறுகின்றன. பட்டன் போன் வைத்திருப்போரும் பணம் அனுப்பலாம் என்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யுபிஐ 123பே' முறையைத் தொடங்கி வைத்தது. எண்களை அழுத்தியே அனுப்பலாம். நம் வீடுகளில் பலருக்கு இது தெரிவதில்லை. ஆதார், வங்கி ஆகியவற்றின் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாகவே வருவதால் பட்டன் போனிலும் கிடைக்கும்.

கல்லூரி விடுதிக்குச் செல்லும் மகளின் நிலை வேறு. பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பயணச்சீட்டு, பாடக்குறிப்பு, பேராசிரியரின் அறிவிப்பு எல்லாம் அதில் வரும்போது ஸ்மார்ட்போனை மறுப்பது அவளது படிப்பைத் தடுப்பதாகும். சில குடும்பங்களில் தம்பிக்கு ஸ்மார்ட்போனும் அக்காளுக்குப் பட்டன் போனும் வாங்கிக் கொடுக்கிறார்கள். பொறுப்பு யாரிடம் அதிகம் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இது தலைகீழாக இருக்க வேண்டும்! பாதுகாப்புக்கு எந்தப் போனும் உதவும்: பட்டன் போன்களில் 5 அல்லது 9 எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு செல்லும் வசதி இருக்க வேண்டுமென 2017 ஜனவரி முதல் நாட்டில் விதி உள்ளது. வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்க.

வாங்கப் போகும்போது

பட்டன் போனில் 2ஜி மட்டுமே உள்ளதா, 4ஜியும் உண்டா என்று கேளுங்கள். ஜியோ சிம்முக்கு 2ஜி போன் உதவாது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள்; அங்குள்ள உறவினருக்கு இங்கிருந்து பழைய போனை அனுப்பிப் பயனில்லை. பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய போனாயின் நல்லது.

பிளேயரில் மெமரி கார்டு போடும் இடமும், காதுக்கருவிக்கு வட்டத் துளையும், ஏ-பி ரிபீட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் பயன்படத்தக்க கருவி அமையும். மிக மலிவானவற்றின் பொத்தான்கள் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும். உள்ளே ஒட்டப்பட்ட பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துபோகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணினி இல்லாத வீட்டார், சிறு கார்டு ரீடர் ஒன்றை ஸ்மார்ட்போனில் செருகிக் கோப்புகளை ஏற்றலாம்.

இணையச் செயலிகளில் பணம் கட்டிப் பதிவிறக்கம் செய்தவை வாடகைக்கு எடுத்தவை போன்றவையே. சந்தா முடிந்தால் அவையும் போகும். கார்டில் இருக்கும் கோப்பு உங்களுடையது. பிள்ளை எதைக் கேட்டாலும் ஒலியளவில் கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தை எல்லையாகக் குறித்துள்ளது. அருகில் நிற்கும் உங்களுக்கும் காதுக்கருவியின் ஒலி கேட்குமாயின், அது அதிகம்.

கார்டு தொலைந்துவிடும் சிறு பொருள். அதே கோப்புகளுடன் இன்னொரு கார்டை உறையிலிட்டு, மேலே பிள்ளையின் பெயரும் காரியின் பெயரும் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.