மீண்டும் சேணத்தில்

விழா மலருக்கு யாதாயினும் எழுதுக என்று நண்பர்கள் பணித்தபோது, எதனை எழுதுவதென்று நெடிது எண்ணினேன். கல்லூரி வாழ்வின் பழைய நினைவுகளை என்னினும் செவ்விதாக எழுதவல்லார் பலருளர். ஆதலின், பழைய மாணவருட் பெரும்பாலார் இப்பொழுது எய்தியிருக்கும் நடுவயதுக்கு ஏற்ற பொருளொன்றை, யான் பட்டறிந்த துறையிலிருந்து எடுத்துக்கொண்டேன். இளமையிற் குதிரையேற்றம் பயின்று இடையிற் கைவிட்டவர் ஐம்பது வயதின்பின் மீண்டும் தொடங்கலாமா? தொடங்குவாராயின் தம் உடம்பை எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் இயன்றவரை விடை கூறுவாம்.

கல்லூரி நாளிலே சுற்றுலாவாக நெடுந்தீவுக்குச் சென்றபோதுதான் குதிரைகளை முதன்முதலாக அருகில் நின்று கண்டேன். ஒல்லாந்தர் காலத்திற் குதிரை வளர்ப்பு நடைபெற்ற அத்தீவில், மட்டக்குதிரைகள் இன்றும் கட்டுக்காவலின்றி வெளியிலே திரிகின்றன. அன்று முளைத்த ஆசை, மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபின்னரே கைகூடியது. கிழமைக்கு ஒருமுறையாக நான்கு ஆண்டுகள் பயின்றேன். அதன்பின் தொழில், மணம், மக்கட்பேறு என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சேணத்தை மறந்து 26 ஆண்டுகள் கழிந்தன.

என் 53ஆம் வயதில், லண்டனுக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலுள்ள பயிற்சிப் பள்ளிக்கு மீண்டும் சென்றேன். முன்னர்ப் பயின்றதுண்டோ என்று பயிற்றாசிரியை வினவ, நான்கு ஆண்டுப் பயிற்சியுடையேன் என்று சற்றே பெருமிதத்துடன் விடையிறுத்தேன். சாம்பல்நிறப் பெட்டைக் குதிரையொன்றை எனக்குத் தந்தனர். நடையிற் செல்லும்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. விரைவு கூடியதும் ஐந்து நிமிடத்துள் மூச்சிரைத்தது. குதிக்கால்கள் மேலெழுந்தன, முழங்கால்கள் சேணத்தை இறுகப் பற்றின, ஒவ்வோர் அடியிலும் யான் அதன் முதுகின்மேற் பொத்தென்று விழுந்தேன். குதிரை காதுகளைப் பின்னே மடக்கிற்று, தலையை உதறிற்று, ஈற்றில் நின்றுவிட்டது.

என் மகளினும் இளையவரான அவ்வாசிரியை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இறங்கச் சொல்லி, என் கையை எடுத்துச் சேணத்துக்குப் பின்புறத்தே குதிரையின் இடுப்பின்மேல் வைத்தார். அங்குள்ள தசை பலகைபோல் இறுகியிருந்தது. “நீங்கள் கற்றதை மறக்கவில்லை. ஆனால் அதைச் செய்வதற்கு வேண்டிய வலிமை உங்கள் உடம்பில் இல்லை. அந்தக் குறையை இவள் தன் முதுகினால் ஈடுசெய்கிறாள்,” என்றார். வாயில்லாத உயிரொன்றுக்கு என் செருக்கினால் நோவு செய்தேன் என்னும் நாணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஒருமுறை செவ்வையாகப் பழகிய உடற்செயல் மூளையிற் பதிந்து நெடுங்காலம் நிலைக்கும். மிதிவண்டி விடக் கற்றவன் அதனை மறவாமை போல. தசையின் இயல்பு வேறு. முப்பது வயதைக் கடந்தபின், பயிற்சியில்லாதவர் உடம்பிற் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்குவரை தசை குறையும் என்று மருத்துவ நூலார் கணிப்பர். நாற்காலியில் இருந்து தொழில் செய்வோர்க்கு இடுப்பு மூட்டுகளும் இறுகிவிடும். புதிதாகத் தொடங்குபவர் அச்சத்தினாலே மெல்லச் செல்வர். மீண்டு வருபவருக்கோ நினைவு துணிவைத் தரும். அத்துணிவுக்கு ஈடான உடல் இராது. மீண்டு வருவோர்க்கு நேரும் துன்பங்களுட் பல இவ்விடைவெளியிலேதான் பிறக்கின்றன.

குதிரையின்மேல் இருப்பவர் வாளா இருக்கின்றார் என்றும், உழைப்பெல்லாம் குதிரைக்கே உரியதென்றும் பலர் எண்ணுவர். குதிரையின் கதிகளை நோக்கின் அவ்வெண்ணம் நீங்கும். நடையில் நான்கு குளம்புகளும் தனித்தனியே நிலத்திற் படிதலால், நான்கு தட்டுள்ள தாளம் பிறக்கும். ஆங்கிலர் ‘ட்ரொட்’ என வழங்கும் பெருநடையில் முன்கால் ஒன்றும் எதிர்ப்புறப் பின்கால் ஒன்றும் இணைந்து படியும். ஆதலின் தட்டு இரண்டு. ‘கன்டர்’ எனும் பாய்நடையில் மூன்று தட்டும், அவற்றையடுத்து நான்கு கால்களும் நிலத்தை விட்டகலும் ஒரு கணமும் உண்டு. இவற்றுட் பெருநடையே மீண்டு வருவோரைச் சோதிப்பது. அதிற் செல்பவர் ஒரு தட்டுக்கு எழுந்து மறு தட்டுக்கு அமர்தல் வேண்டும். இவ்வாறு நிமிடத்துக்கு 70 முறைக்கு மேல் எழவேண்டி வரும். பத்து நிமிடத்தில் 700 தடவை அரைத் தோப்புக்கரணம் போடுவதாக எண்ணிக்கொள்ளின், என் மூச்சிரைப்புக்குக் காரணம் விளங்கும்.

இனி, நல்ல இருக்கை யாதென்பதை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், அங்கவடியை அறியாத காலத்தில் வாழ்ந்த செனபோன் என்னும் கிரேக்கர், குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஏறுபவர் நாற்காலியில் அமர்பவர்போல் இராது, கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்பவர்போல் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய ஆசிரியர்களும் இதனையே கற்பிக்கின்றனர். காது, தோள், இடுப்பு, குதிக்கால் ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். குதிரையை இடையிலிருந்து உருவிவிட்டாலும் ஏறினவர் இரு கால்களிலும் விழாது நிற்பாராயின், அவர் இருக்கை செவ்விது.

இவ்விருக்கைக்கு மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, இடுப்பு மூட்டின் நெகிழ்ச்சி. தொடைகள் எளிதில் விரிந்து தொங்கினாலன்றி ஏறுபவர் சேணத்தின் ஆழத்தில் அமர இயலாது. விரியாத தொடை சேணத்தைக் கவ்வும். கவ்வுந்தோறும், ஈரச் சவர்க்காரம் கையிலிருந்து நழுவுவதுபோல் உடம்பு மேலே தள்ளப்படும். இரண்டாவது, வயிறும் முதுகும் சூழ்ந்த நடுவுடலின் வலிமை. குதிரையின் அசைவை ஏற்று, அதனோடு இசைந்து, தலையும் கைகளும் அலையாமற் காப்பது இதுவே. நடுவுடல் தளர்ந்தவர் கடிவாள வாரைப் பிடித்துத் தம்மை நிறுத்துவர். அப்பாரம் முழுவதும் குதிரையின் வாயில் இறங்கும். மூன்றாவது, மூச்சு. களைத்தவரும் அஞ்சியவரும் தம்மையறியாமலே மூச்சை அடக்குவர். அடக்கினால் உடம்பு விறைக்கும். விறைப்பை உணர்ந்த குதிரையும் விறைக்கும்.

கிழமைக்கு ஒருமுறை ஏறுவதால் மட்டும் இம்மூன்றும் வாய்க்கமாட்டா. எஞ்சிய ஆறு நாளும் நிலத்தில் நின்று செய்யும் பயிற்சியே அந்த ஒரு நாளைத் தாங்கும். வயதுவந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் மேற்கொள்ளவேண்டுமென உலகச் சுகாதாரத் தாபனம் 2020இல் அறிவுறுத்தியது. யான் வகுத்துக்கொண்ட பன்னிரு கிழமைத் திட்டமும் இவ்வளவைத் தழுவியதே.

கிழமையில் ஐந்து நாள் அரை மணிநேரம் விரைந்து நடந்தேன். நான்காம் கிழமையிலிருந்து அந்நடையில் ஏற்றமான பாதையையும் சேர்த்தேன். இடையிட்ட இரண்டு நாளில் வலுப்பயிற்சி செய்தேன். அவற்றுள் முதலாவது நாம் பிள்ளையார் சந்நிதியிற் கற்ற தோப்புக்கரணமே. பாதங்களைத் தோளகலம் அகற்றி, குதிக்காலை நிலத்தில் ஊன்றி, முதுகை நிமிர்த்திப் பத்து முறை. சற்றே இளைப்பாறி மீண்டும் பத்து. அவ்வாறே மூன்றாம் தடவை. அடுத்தது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் சேதுபந்தம்; பின்றொடையும் பிருட்டமும் இதனால் வலுப்பெறும். அதன்பின், முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தல். தொடக்கத்தில் 20 விநாடியே தாங்கினேன். ஈற்றில் ஒரு நிமிடம் நின்றேன். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்றல் சமநிலையை வளர்த்தது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிக்காலைத் தாழவிடுதல், அங்கவடியிற் குதிக்காலைத் தாழ்த்தி வைக்கப் பழக்கியது.

இடுப்பின் நெகிழ்ச்சிக்கு யான் கண்ட எளிய மருந்து, நாற்காலியை விட்டு நிலத்திற் சம்மணமிட்டு இருத்தல். நம் முன்னோர் உண்ணவும் படிக்கவும் அவ்வாறே இருந்தனர். யாமோ மேசை நாகரிகத்தில் அதனை இழந்தோம். உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து முழங்கால்களைப் பக்கங்களில் தாழவிடும் பத்தகோணாசனமும் நன்று. நீட்டிப் பயில்கையில் வலிந்து அழுத்தலாகாது. தசைநாண்கள் தசையினும் மெதுவாகவே வலுப்பெறுவன, ஆகவே, ‘இன்று இயன்றது, நாளை இருமடங்கு செய்வேன்’ என்பவர் காயப்படுவர்.

சேணத்திலும் முதற்படியிலிருந்தே தொடங்கினேன். ஆசிரியை நடுவில் நின்று நீண்ட கயிற்றினாற் குதிரையை வட்டமாகச் செலுத்த, ஏறியிருப்பவர் கடிவாள வாரைத் தொடாது தம் இருக்கையை மட்டும் கவனிக்கும் முறையொன்றுண்டு. வியன்னா நகரில் உள்ள புகழ்பெற்ற ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியிற் புகுமுக மாணவர் மாதக்கணக்காக இவ்வாறே பயில்வர். அவர்களுக்கு இழிவன்றாயின் எனக்கென்ன இழிவு? முதல் ஆறு பாடமும் அரை மணிநேரத்துக்கு மேற்படவில்லை. பாடத்துக்குப்பின் ஒரு நாளும் இரண்டு நாளும் கழித்து உட்டொடை நொந்தது. இது புதிய உழைப்புக்குத் தசை காட்டும் இயல்பான நோவு. மூட்டில் எழும் கூரிய வலி அத்தகையதன்று. அதற்கு ஓய்வும் வைத்தியரின் ஆலோசனையும் வேண்டும்.

தொடங்குமுன் கவனிக்கவேண்டியன சில உள. இருதய நோய், எலும்புத் தேய்வு, முதுகெலும்புக் கோளாறு உடையோரும், இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாது ஏறலாகாது. தலைக்கவசம் இன்றியமையாதது, ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. சப்பாத்துக்குச் சிறு குதி இருத்தல் வேண்டும். இல்லையேற் கால் அங்கவடியினூடே நழுவிச் சிக்கிக்கொள்ளும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்த நிறை குதிரையின் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பரவலாக வழங்கும் வரையறை. இதனினும் குறைவாகவே வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. 500 கிலோகிராம் குதிரைக்கு அவ்வெல்லை 100 கிலோகிராம். 84 கிலோகிராம் நிறையுடைய யான் சேணத்துடன் எல்லைக்குள்ளேயே நின்றேன். எனினும் குதிரைக்கு நோவு செய்தேன். சமநிலையின்றித் துள்ளும் சுமை அதே நிறையுள்ள அமைந்த சுமையினும் கொடிது.

வயதும் உடற்குறையும் இக்கலைக்கு எத்துணைத் தடையாகும் என்பதை இருவர் வாழ்க்கை காட்டும். ஜப்பானியரான ஹிரோஷி ஹொகெற்சு 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கிற் குதிரையேற்றப் போட்டியிற் கலந்துகொண்டார். பின்னர் 44 ஆண்டுகள் கழித்து 2008இற் பெய்ஜிங்கிலும், 2012இல் தமது 71ஆம் வயதில் லண்டனிலும் மீண்டும் போட்டியிட்டார். தொழில் பார்த்த காலத்திலும் அவர் குதிரையேற்றத்தை முற்றாகக் கைவிட்டாரல்லர். என்னைப் போன்றார் கருதவேண்டியது இதுவே.

மற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் அம்மையார். 1944இல், தமது 23ஆம் வயதிற் கருவுற்றிருந்தபோது, இளம்பிள்ளைவாத நோய் அவரைத் தாக்கியது. மகவு நலமே பிறந்தது. முழங்காலுக்குக் கீழே அவர் கால்கள் செயலிழந்தே நின்றன. பிறர் தூக்கியே அவரைக் குதிரைமேல் ஏற்றவேண்டியிருந்தது. எனினும், தொடையாலும் இருக்கையாலும் நடுவுடலாலும் குதிரையோடு பேசக் கற்றுக்கொண்டார். பெண்கள் முதன்முறையாக அப்போட்டியில் அனுமதிக்கப்பட்ட 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இலும் அவ்வாறே வென்றார். விழா மலரிற் கூறுதற்கு மிகப் பொருத்தமான செய்தியொன்றுண்டு. அவரைச் சுமந்த குதிரையின் பெயர் ‘ஜூபிலி’.

பதின்மூன்றாம் கிழமையில், அதே சாம்பல்நிறக் குதிரையை ஆசிரியை எனக்கு மீண்டும் தந்தார். பெருநடையிற் பத்து நிமிடம் சென்றேன். எழுந்தேன், அமர்ந்தேன், முதுகின்மேல் விழவில்லை. சிறிது நேரத்தில் அது கழுத்தைத் தாழ்த்திற்று; காதுகளைத் தளரவிட்டது; நீண்ட பெருமூச்சொன்று விட்டது. பாடம் முடிந்து இறங்கியதும், எவரும் சொல்லாமலே, சேணத்துக்குப் பின்புறத்தே கையை வைத்துப் பார்த்தேன். தசை மெத்தென்றிருந்தது.

அன்பார்ந்த பழைய மாணவர்களே! உங்களுட் சிலர்க்குக் குதிரை, சிலர்க்குத் துடுப்பாட்ட மட்டை, சிலர்க்கு மிருதங்கம் பழைய நினைவாய் நிற்கும். மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வயது கடந்துவிட்டதென்று அஞ்சவேண்டா. ஆனால் அன்று விட்ட இடத்திலிருந்தே இன்று தொடங்கலாமென்று எண்ணாது, உடம்பை ஆயத்தஞ் செய்து முதற்படியில் வந்து நில்லுங்கள். குதிரையைத் தேர்ந்துகொள்வோர், உங்கள் ஆசையின் பாரத்தைப் பிறிதோர் உயிர் சுமக்கின்றது என்பதை ஏறுமுன் நினைத்துக்கொள்ளுங்கள்.