புகையாகப் போனால் நோய், பிடித்து வைத்தால் எரிபொருள்

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாளைக் கோலசிலாங்கூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அன்று கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவில் எரிந்த காடுகளிலிருந்தும் கரிமண் நிலங்களிலிருந்தும் வந்தது.

அந்தப் புகை உண்மையில் என்ன பொருள்? எரிந்து முடிந்த கழிவு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. கண்ணை எரிக்கும் அடர்ந்த புகை என்பது, எரியாமல் தப்பிப் போன எரிபொருள். இதைப் புரிந்துகொண்டால், நம் செம்பனைத் தோட்டங்களில் குவியும் கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பது எப்படி என்பதும் புரிந்துவிடும்.

ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். விறகிலும் இதுதான் நடக்கிறது. நாம் பார்க்கும் சுவாலை, சூட்டினால் விறகிலிருந்து பிரிந்து வரும் ஆவி எரிவதுதான். காற்றும் சூடும் போதாவிட்டால் அந்த ஆவி எரியாமல் குளிர்ந்து புகையாகிறது. கோலசிலாங்கூரை ஒட்டிய ராஜா மூசா வனக் காப்பகத்தில் கரிமண் தீப்பற்றும்போது, தரைக்கு அடியில் நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருப்பதும் இதனால்தான்.

மூன்று பொருள்கள், மூன்று வெப்பநிலைகள்

மரமானாலும் குலையானாலும் நாரானாலும், தாவர உடல் முக்கியமாக மூன்று பொருள்களால் ஆனது. அவை செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் இரும்புக் கம்பி. ஹெமிசெல்லுலோஸ் கம்பிகளைப் பிணைக்கும் கட்டுக்கம்பி. லிக்னின் எல்லாவற்றையும் இறுக்கும் சிமெண்டு.

சூடு ஏறும்போது இம்மூன்றும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. செம்பனைக் கழிவுகளை ஆராய்ந்து வந்த சீன, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதலில் ஹெமிசெல்லுலோஸ், 220 முதல் 315 பாகை செல்சியசுக்குள் உடைகிறது. அடுத்து 315 முதல் 400 பாகைக்குள் செல்லுலோஸ் உடைகிறது. லிக்னின் மட்டும் 160 பாகையில் தொடங்கி 900 பாகை வரை மெல்ல மெல்லச் சிதைகிறது. கடைசியில் லிக்னினில் ஏறத்தாழ 46 விழுக்காடு கரியாக எஞ்சியது. செல்லுலோஸில் எஞ்சியதோ 7 விழுக்காட்டுக்கும் குறைவு.

இதிலிருந்து ஓர் எளிய உண்மை கிடைக்கிறது. செல்லுலோஸ் ஆவியாகப் போகும். லிக்னின் கரியாக நிற்கும். அதனால்தான் லிக்னின் மிகுந்த செம்பனைக் கொட்டையின் ஓடு நல்ல கரியாகிறது. நார்த்தன்மை மிகுந்த வெறுங்குலை ஆவியை அதிகம் தருகிறது.

ஆவியைப் பிடிப்பது எப்படி?

காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கினால் பொருள் எரியாது. சிதைய மட்டுமே செய்யும். மெதுவாகச் சூடாக்கினால் கரி அதிகம் கிடைக்கும். பேராக் மாநிலத்தின் கோல செபெத்தாங்கில் சதுப்புநில மரத்தைச் சூளையில் வைத்துக் கரியாக்குவது இந்த முறைதான். சூளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அனுபவசாலிகள் புகையை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

மாறாக, உலர்ந்த தூளைச் சுமார் 500 பாகைக்குச் சட்டென்று சூடாக்கி, எழும் ஆவியை இரண்டு வினாடிக்குள் குளிர வைத்தால், கரும்பழுப்பு நிறத் திரவம் கிடைக்கிறது. இதற்கு உயிர் எண்ணெய் என்று பெயர். நல்ல மரத்தூளாக இருந்தால் எடையில் 60 முதல் 70 விழுக்காடு வரை திரவமாகும். நெதர்லாந்துத் தொழில்நுட்பத்தில் இப்படி வெறுங்குலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்று 2005-இல் நம் நாட்டிலேயே அமைக்கப்பட்டது.

நம் வட்டாரத்துக் குலையின் கதை

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917-இல் ஹென்றி ஃபௌக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து, 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம்.

இன்று 100 டன் பழக்குலை ஆலைக்குப் போனால் ஏறக்குறைய 20 டன் எண்ணெய் கிடைக்கிறது. 20 டன்னுக்கும் மேல் வெறுங்குலையும் வெளியே வருகிறது. நாரையும் ஓட்டையும் ஆலையே தன் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறது. வெறுங்குலைதான் மிஞ்சுகிறது.

அதை ஏன் எளிதில் எரிபொருளாக்க முடியவில்லை? முதல் தடை ஈரம். ஆலையை விட்டு வரும் வெறுங்குலையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர். அதை உலர்த்தவே பெரும் சூடு செலவாகிறது. இரண்டாவது தடை பொட்டாசியம். முன்பு ஆலைகளில் குலையை எரித்துச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள் அல்லவா? அந்தச் சாம்பலின் சத்தே பொட்டாசியம். மண்ணுக்கு நன்மை செய்யும் அதே உப்பு, கலத்துக்குள் ஆவியை மேலும் உடைத்து எண்ணெயின் அளவைக் குறைக்கிறது. கொதிகலனில் உருகி ஒட்டிக்கொள்கிறது. குலையைத் தண்ணீரில் அலசினால் எண்ணெய் கூடுகிறது என்பதைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் அலசிய நீரை ஆற்றில் விட முடியுமா?

மூன்றாவது தடை எண்ணெயின் குணம். அதில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர். புளிப்போ எலுமிச்சைச் சாறு போல. எடைக்கு எடை டீசலின் வெப்பத்தில் பாதிகூட இல்லை. அப்படியே லோரியில் ஊற்றினால் இயந்திரம் அரித்துப் போகும். கொதிகலனில் எரிக்கலாம், அல்லது மேலும் சுத்திகரிக்க வேண்டும்.

ஆகவே வெறுங்குலையை எல்லாம் எண்ணெயாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். மரத்தடியில் பரப்பினால் அது மண்ணுக்கு உணவு. அதை எடுத்துச் சென்றால் ஈடாக உரம் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஆலையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவெடுக்க முடியும்.

ஆனால் ஒன்றில் மட்டும் கணக்கே தேவையில்லை. திறந்த வெளியில் குவித்துக் கொளுத்துவது எல்லா வகையிலும் நட்டம். எரிபொருள் புகையாகிறது, சத்து மண்ணுக்குத் திரும்பாமல் வீணாகிறது, தாரும் நுண்துகளும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குள் போகின்றன. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. வீட்டுக் கொல்லையில் காய்ந்த மட்டைக்குத் தீ வைக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். கையில் இருக்கும் சருகு நமக்கு உரமாகலாம், கரியாகலாம். காற்றில் கலந்த புகையை நாம் சுவாசிக்கத்தான் வேண்டும்.